கடலைத் தூர்த்துக் கடை விரித்தார். மலை சரிவதைக் காணார்!

2014ஆம் ஆண்டிலே, 42 நாள் இடைவெளியில், இந்நாட்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. செப்டெம்பர் 17ஆம் நாள் கொழும்புக் கடலோரத்தில் ஒரு பெருவிழா. சீன அதிபர் சி ஜின்பிங் வந்திருந்தார். அந்நாளைய சனாதிபதி மகிந்த ராஜபக்ச அருகில் நின்றார். கடலைத் தூர்த்து ஒரு புதுநகரம் சமைக்கும் வேலை மங்கலமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, ஊவா மாகாணத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையில், மீரியபெத்த என்னும் தோட்டப் பிரிவில் மலை இறங்கிற்று. லயங்கள் இருந்த இடத்தில் சேறு நின்றது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகளுள் சிலர் அன்று மாலை திரும்புவதற்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. புதையுண்டோர் பலரின் உடல்கள் இன்றுவரை அந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன.

இவ்விரு நாட்களும் ஒன்றையொன்று அடுத்து வந்தது தற்செயல் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயின், இந்நாட்டில் எந்த வேலை முந்த வேண்டும், எந்த வேலை பிந்த வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தீர்மானிக்கவில்லை. அந்தத் தீர்மானத்தையே இன்று வழக்கு மன்றத்தில் நிறுத்துகிறோம். வாசகப் பெருமக்களே, நீங்களே நீதிபதிகளாக இருந்து கேளுங்கள்.

காலிமுகத்துக் கடைத்தெரு

காலிமுகத்திடல் ஆங்கிலேய ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த உலாத்துவெளி. கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைக் காத்து வருமாறு பின்வந்த ஆளுநர்களை வேண்டி அவர் ஒரு கல்லையும் நட்டுச் சென்றார். காற்று வாங்க வந்த ஏழைக்கும் இறால் வடை தின்ன வந்த தொழிலாளிக்கும் அந்தப் புற்றரை இடம் கொடுத்தது, இன்றும் கொடுக்கிறது. ஆயின் அதன் எதிர்ப்புறத்தைப் பாருங்கள்! 2017இல் ஷங்ரி-லா விடுதி. 2019 நவம்பரில் அதனோடு ஒட்டி ‘ஒன் கோல் ஃபேஸ்’ என்னும் பேரங்காடி. வெளியிலே வெயில் கொளுத்தும்போது உள்ளே மார்கழிக் குளிர். கைக்கடிகாரம், வாசனைத் திரவியம், தோற்பை, பட்டுக் கழுத்துப்பட்டி என்று உலகத்துப் பெருநகரங்களின் பெயர் பொறித்த பண்டங்கள் கண்ணாடிப் பேழைகளில் வீற்றிருக்கின்றன. அங்கிருந்து வடக்கே நடந்தால், கடலுக்குள் பிறந்த துறைமுக நகர். 2024 செப்டெம்பரில் அங்கே தீர்வையற்ற கடைத்தொகுதி ஒன்று திறக்கப்பட்டது.

இது புதிய ஆசையும் அன்று. வெள்ளைத் துரைமார் காலத்தில் கோட்டை யோர்க் வீதியே சீமைச் சாமானின் வீதி. 1906இல் எழுந்த கார்கில்ஸ் செங்கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. மலையில் விளைந்ததை விற்றுக் கடலோரத்தில் வாங்கும் வழக்கம் நூறாண்டு கடந்த வழக்கம். துரை மாறினான், வீதி மாறிற்று, வழக்கம் மாறவில்லை.

அழகான பொருளை நாம் வெறுப்பவர்கள் அல்லர். நல்ல சேலையையும் நல்ல கடிகாரத்தையும் விரும்புவது குற்றமாயின், தீபாவளிக்கு முற்பணம் வாங்கிப் பிள்ளைக்குப் புதுச்சட்டை தைக்கும் தோட்டத்துத் தாயும் குற்றவாளியே. நாம் கேட்பது வேறு. இந்தக் கடைத்தெருவை எழுப்ப அரசு எதையெல்லாம் செய்தது? மலைச்சரிவில் கிடக்கும் லயத்தை அகற்ற அதே அரசு எதைச் செய்தது? இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்போம்.

படையை நகர்த்தினர், லயத்தை நகர்த்தவில்லை

அந்தப் பேரங்காடியும் விடுதியும் நிற்கும் நிலத்தில் முன்பு இருந்தது யாது? இலங்கை இராணுவத்தின் தலைமையகம்! முப்பதாண்டுப் போரை நடத்திய தலைமையகத்தைக் காலிமுகத்திலிருந்து பெயர்த்துப் பத்தரமுல்லை அக்குரேகொடைக்குக் கொண்டுபோவதென்று முடிவு செய்தார்கள், கொண்டும் போனார்கள். ஏன்? அந்த நிலத்தின் மீது வெளிநாட்டு முதலாளியின் கண் விழுந்துவிட்டது. கடைக்கு இடம் வேண்டுமென்றால் பீரங்கியும் ஒதுங்கி நிற்கும் என்பதை உலகம் கண்டது.

மீரியபெத்தையில் பெயர்க்க வேண்டியிருந்தது என்ன? சில வரிசை லயங்கள். பத்தடி அறைகள், அவற்றின் முன்னே ஒரு தாழ்வாரம், தகரக் கூரை. அந்த மலை நிலையற்றது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 2005இலும் எச்சரித்தது, 2011இலும் எச்சரித்தது. முதல் எச்சரிக்கைக்கும் மண்சரிவுக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அந்த ஒன்பது ஆண்டுக்குள் ஒரு போர் முடிந்தது. நெடுஞ்சாலை ஒன்று காலி வரை ஓடிற்று. அம்பாந்தோட்டையில் துறைமுகம் எழுந்தது. மத்தளையில் வானூர்தி நிலையம் எழுந்தது. இராணுவத் தலைமையகத்தின் நிலத்துக்கு விலையும் பேசப்பட்டது. லயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“போகச் சொன்னோம், அவர்கள்தாம் போகவில்லை” என்று சரிவுக்குப் பின் மேடை மேடையாகச் சொன்னார்கள். இதைவிடக் கொடிய சொல்லை நாம் கேட்டதில்லை. எங்கே போவது? தோட்டத்து நிலம் தொழிலாளியினுடையதா? அவன் பிறந்த அறையும் அவன் பெயரில் இல்லை. அவன் பாட்டன் புதைந்த குழியும் அவன் பெயரில் இல்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. பின்னர் காணி நீண்ட குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. இன்றும் அடிநில உரிமை அரசினுடையதே. மாற்றிடம் கொடுக்க வல்லவன் அரசு. கட்டித்தர வல்லவன் கம்பனி. இருவரும் கை கட்டி நின்றுவிட்டு, ஒரு முழம் நிலமும் இல்லாதவனைப் பார்த்து, “நீ ஏன் போகவில்லை?” என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்றார் பழையோர். இங்கே ஏழையின் பிணமுமல்லவா அம்பலம் ஏறவில்லை!

தப்பியவர்கள் முதலில் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பின்னர் ஓடாத பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தடுப்புக் கட்டி வாழ்ந்தார்கள். 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016இல். அதாவது, உலகமே பார்த்திருந்தபோதும், அமைச்சர்கள் அணி அணியாக வந்து கண்ணீர் வடித்த பின்பும், 75 வீடு கட்ட இரண்டு ஆண்டு சென்றது. கொழும்பிலோ கடல் பின்வாங்கிற்று. 2019 ஜனவரியில் 269 ஹெக்டேயர் புதுநிலம் முழுதாய் எழுந்துவிட்டது.

இந்தக் கணக்கைக் கமக்காரர் எளிதில் உணர்வர். 269 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 665 ஏக்கர். தோட்டக் குடும்பமொன்றுக்கு வீடு கட்ட அரசு வகுத்த அளவு 7 பேர்ச்சஸ். 665 ஏக்கரை 7 பேர்ச்சஸாகக் கூறுபோட்டால், தெருவுக்கு விட்டது போக எஞ்சும் நிலத்தை நோக்காமல் முழுதாய்ப் பார்த்தால், 15,000க்கு மேற்பட்ட வீட்டுக் காணிகள் வரும். கடலுக்குள் இல்லாத நிலத்தை உண்டாக்கிக் கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, மலையிலே இருக்கிற நிலத்தை அளந்து கொடுக்கத் தெரியவில்லை! 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டுக்கு வந்து 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். அன்னிய நாடு பணம் தருகிறது. நிலம் நம் நாட்டினது. அந்தத் திட்டத்தின் முதற் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கே 2024 ஆயிற்று.

யார் பணத்தில் இந்தக் கடை?

“துறைமுக நகர் முதலீட்டாளன் பணம், உங்களுக்கென்ன நட்டம்?” என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். கடலைத் தூர்த்த செலவு 140 கோடி டொலர் என்று சொல்லப்பட்டது. 2024ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலை ஏற்றுமதி ஈட்டியதும் ஏறத்தாழ 140 கோடி டொலரே. சீனக் கம்பனி ஒரு முறை கொண்டுவந்த தொகையை நம் தோட்டத்துப் பெண்களும் சிறு தேயிலைத் தோட்டத்துக் கமக்காரரும் ஆண்டுக்கு ஒரு முறை கொண்டுவருகிறார்கள். கம்பனிக்குக் கைம்மாறாக 116 ஹெக்டேயர் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தது. கொழுந்து பறித்தவளுக்குக் கிடைத்தது என்ன?

கடைப் பேழையில் இருக்கும் கடிகாரம் டொலர் கொடுத்து வாங்கி வந்த கடிகாரம். அந்த டொலர் வானத்திலிருந்து விழுவதில்லை. ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தோடு போராடும் பெண்ணும், மேற்காசிய நாட்டில் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கும் பெண்ணும், பனியில் நனைந்து கொழுந்து கிள்ளும் பெண்ணும் ஈட்டிக் கொடுத்த டொலர் அது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசு கைவிரித்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு வரிசையில் நின்றது. அதே காலிமுகத்திடலில் இளைஞர் கூடாரமிட்டு ஆட்சியைக் கேள்வி கேட்டனர். முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடையால் தேயிலைச் செடி வாடியிருந்த அந்த வேளையிலும் மலையில் பிரட்டு நிற்கவில்லை. கூடை மலையேறிற்று, கொழுந்து இறங்கிற்று, டொலர் வந்தது.

கணக்கை இன்னும் சிறிதாக்கிப் பார்ப்போம். ஒரு பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று கொள்வோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஆகவே ஒருத்தியின் ஒரு நாள் பறிப்பு 4 கிலோ தேயிலை. ஒரு கோப்பைக்கு 2 கிராம் போதும். எனவே அவள் கூடையில் 2,000 கோப்பைத் தேநீர் இருக்கிறது. 2024 செப்டெம்பரில், துறைமுக நகரின் தீர்வையற்ற கடை திறந்த அதே மாதத்தில், வர்த்தமானி அவளுக்கு விதித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு கோப்பைக்கு 68 சதமும் இல்லை! 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ஆக்கி, வருகைக்கு அரசு 200 ரூபா சேர்த்து, 1,750 என்று அறிவித்தது. அதுவும் ஒரு கோப்பைக்கு 88 சதத்தை எட்டவில்லை. உரமும் விறகும் தொழிற்சாலையும் வண்டியும் வேறு செலவு என்பதை நாம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பின்பும், காலிமுகத்து விடுதியில் ஆயிரக்கணக்கில் கொடுத்து மாலைத் தேநீர் அருந்துபவரின் கோப்பைக்கும், அதைப் பறித்தவளின் சதத்துக்கும் இடையே உள்ள தூரம் கொழும்புக்கும் மீரியபெத்தைக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிது.

அந்தத் தூரத்தை முதன்முதலில் அளந்து லாபம் கண்டவரும் ஒரு கடைக்காரரே. கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து வளர்ந்த தொமஸ் லிப்டன் 1890இல் இங்கு வந்தார். அப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். நடுவிலுள்ள தரகனை அகற்றித் தோட்டத்தையும் கடையையும் ஒரே கணக்கேட்டில் எழுதினார். அவர் அமர்ந்து பார்த்த மலைமுகட்டை ‘லிப்டன் ஆசனம்’ என்று இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். அந்த முகட்டின் கீழே தெரிகிற நீண்ட தகரக் கூரைகளும் படத்தில் விழுகின்றன. அவை எவருடைய ஆசனம் என்று கேட்பார் இல்லை.

எதிர்வாதிகளுக்கு

எதிர்த்தரப்பார் மூன்று வாதம் வைப்பர்.

முதல் வாதம்: பேரங்காடி வந்தால் பிள்ளைகளுக்கு வேலை வரும். வரட்டும், வரவேற்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் நெடுங்காலமாக உழைக்கிறார்கள். ஆயின் பேழையைத் துடைக்கும் பிள்ளையின் தாய், மழை பெய்யும் இரவெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும் என்பது அந்த வேலைக்குரிய நிபந்தனையா? வேலை கொடுத்தோம் என்பதற்காக வீடு கொடுக்கும் கடன் தீர்ந்துபோகுமா?

இரண்டாம் வாதம்: பயணிகள் வந்து வாங்கினால் அந்நியச் செலாவணி வரும். வரும் பணத்தை மட்டும் சொல்கிறீர்கள். விட்ட வரியையும் சொல்லுங்கள்! 2021ஆம் ஆண்டுத் துறைமுக நகர்ச் சட்டம் சில தொழில்களுக்கு 40 ஆண்டு வரை வரிவிலக்கு அளிக்க இடம் வைத்தது. தீர்வையற்ற கடையில் பொருள் வாங்கும் உரிமை பெற்றவருக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமாக உயர்ந்தபோது, லயத்துக் குடும்பம் வாங்கும் சவர்க்காரத்துக்கு எந்த விலக்கும் கிடைக்கவில்லை. வாசனைத் திரவியம் வாங்குபவன் வரியின்றி மணக்கிறான். சவர்க்காரம் வாங்குபவள் வரி கட்டிக் குளிக்கிறாள். இதுதான் பொருளாதாரமா? இந்தப் பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள்?

மூன்றாம் வாதம்: இஃது ஏழையின் பொறாமை. இதற்குப் பதில் சொல்ல நாம் நாணவில்லை. கண்ணாடிப் பேழையைப் பார்த்துப் பொறாமைப்படும் ஓய்வு மலைநாட்டுப் பெண்ணுக்கு என்றும் வாய்த்ததில்லை. கடிகாரம் அவளுக்கு வேண்டாம். அவள் தலைக்கு மேல் நிற்கிற மலை எப்போது இறங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒரு கருவியும், சொன்ன அன்றே போய்த் தங்க ஓர் இடமும் வேண்டும். இதைப் பொறாமை என்பவர், உயிராசைக்கும் பொறாமைக்கும் வேறுபாடு அறியாதவர்.

மலை ஒரு முறையோடு ஓயவில்லை

மீரியபெத்தையை ஒரு நாள் துயரமாக எண்ணி மறந்துவிட்டவர்களுக்கு மலை மீண்டும் மீண்டும் நினைவூட்டிற்று. 2023 மார்ச்சில் பூனாகலைப் பகுதியில் மண் சரிந்து லயங்கள் அழிந்தன. அதே ஆண்டில்தான், முதற் கூலித் தொழிலாளர் வந்து 200 ஆண்டு ஆயிற்று என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் கால்நடையாக நடந்தனர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு ஊர்களையே விழுங்கிற்று. சிங்களவர், தமிழர், முசிலிம்கள் என்று மண் பார்க்கவில்லை. ஆயின் சரிவிலே குடியிருக்க வேறு வழியின்றித் தள்ளப்பட்டவர் யார் என்று பார்த்தால், அங்கே நம் மக்களே முன்வரிசையில் நிற்கிறார்கள்.

ஏன் தள்ளப்பட்டனர்? நல்ல நிலத்தில் தேயிலை. அதற்கு ஆகாத சரிவிலும் பள்ளத்திலும் லயம். இஃது ஆங்கிலேயன் வகுத்த கணக்கு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று; வாக்கும் பறிபோயிற்று; 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று ஆட்டு மந்தையைப் பிரிப்பது போலப் பிரித்தது. நாடு இல்லாதவனுக்கு நிலம் எங்கே? நிலம் இல்லாதவன் சரிவை விட்டு எப்படி நகர்வான்? குடியுரிமை பின்னர் திரும்பி வந்தது, வாக்கும் வந்தது, நிலம் மட்டும் இன்னும் வரவில்லை. சேறாக இறங்கியது 1948இலிருந்து மலையுச்சியில் சேர்ந்து வந்த அநீதியுந்தான்.

நம்மவருக்கும் ஒரு சொல்

அரசை மட்டும் ஏசிவிட்டு அமர்வது நம் வழக்கம் அன்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள தமிழ்ப் படிப்பாளிகளே, வைத்தியர்களே, பொறியியலாளர்களே, சட்டத்தரணிகளே! பேரங்காடியின் படிக்கட்டில் நம்மவர் கால் படவில்லையா? பெண்ணுக்குச் சீமைக் கடிகாரம், மாப்பிள்ளைக்குச் சீமைச் சப்பாத்து என்று கலியாண வீட்டில் நாம் போட்டி போடவில்லையா? மலைநாட்டுப் பிள்ளையை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, அவள் ஊர் எது, அவள் வீட்டு மேல் நிற்கும் மலை எது என்று ஒரு நாளேனும் கேட்டோமா? 1948இல் அவள் பாட்டனின் குடியுரிமை பறிபோனபோது, அந்த மசோதாவுக்குக் கை உயர்த்திய தமிழரும் பாராளுமன்றத்தில் இருந்தனர் என்பது வரலாறு. அந்தக் கறையைக் கழுவ இன்னும் எத்தனை மலை இறங்க வேண்டும்?

கமக்காரப் பெருமக்களே, உங்களுக்கும் இந்தக் கடைத்தெருவோடு கணக்கு உண்டு. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நிமிர்ந்தார். 1977இல் கதவு அகலத் திறந்தபோது விலை விழுந்தது, அவரும் விழுந்தார். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கு போடுபவர், அறுவடை வேளையில் இறக்குமதிக் கிழங்கு வந்திறங்கும் துன்பத்தை நன்கு அறிவார். ஆயின், கதவை இறுக்கிச் சாத்துவதே மருந்து என்று நாம் கூறவில்லை. அதே எழுபதுகளில்தான் தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் நம் மக்கள் பசியால் மாண்டனர். கதவு திறந்திருக்கட்டும். யாருடைய உழைப்பால் அது திறக்கிறதோ அவருக்கு அந்தக் கதவு வழியே ஒரு பங்கு வர வேண்டும் என்பதே நம் கட்சி.

நாம் கேட்பவை

கோரிக்கை நான்கு. நான்கும் நியாயமானவை, நான்கும் இயலக்கூடியவை.

ஒன்று: தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் அபாயம் என்று குறித்த ஒவ்வொரு லயத்துக்கும் மாற்றிடம் குறிக்கப்பட வேண்டும். குடியெழுப்பச் சொல்லும் கடிதமும் மாற்றுக் காணியின் வரைபடமும் ஒரே உறையில் வர வேண்டும். இடம் காட்டாத எச்சரிக்கை, எச்சரித்தவன் தப்பித்துக்கொள்ள எழுதிய சீட்டே ஆகும்.

இரண்டு: கொடுக்கும் காணிக்கு உறுதி வேண்டும். வெறும் அனுமதித் துண்டு போதாது. தொழில் போனால் வீடும் போகும் என்னும் நிலை ஒழிய வேண்டும்.

மூன்று: ஆடம்பரப் பொருள் விற்பனையின் மீதும் தீர்வையற்ற கடைகளின் மீதும் சிறப்பு வரியொன்று விதிக்கப்பட்டு, அப்பணம் மலைச்சரிவு மக்களின் குடியேற்றத்துக்கென்றே தனிநிதியாக வைக்கப்பட வேண்டும். நூறாயிரம் ரூபாய்ப் பை வாங்குபவருக்கு அந்த வரி தெரியவும் தெரியாது. லயத்திலிருப்பவருக்கோ அது உயிர்.

நான்கு: கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அன்றிலிருந்து விலை ஏறும்போது முதலாளி சிரிக்கிறான். விலை இறங்கும்போது தொழிலாளியின் சம்பளத்தைக் காட்டி அழுகிறான். ஏல விலை ஏறினால் சம்பளமும் ஏறும் வகையில் சட்டம் செய்யப்பட வேண்டும். 2024 மே தினத்தன்று 1,700 ரூபா என்று சனாதிபதியே மேடையில் அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. செப்டெம்பரில் அது 1,350 ஆகி இறங்கி வந்தது. மேடையில் ஏறி நீதிமன்றத்தில் இறங்கும் சம்பளம் இனி வேண்டாம்.

இவற்றுக்கு நம்மவர் செய்யக்கூடியதும் உண்டு. நில அளவையாளர் அளந்து கொடுக்கலாம். பொறியியலாளர் சரிவைப் பார்த்துச் சொல்லலாம். சட்டத்தரணி உறுதி எழுதி, வழக்கும் பேசலாம். கமக்காரர் தம் பிரதிநிதியிடம் இந்த நான்கையும் கேட்டு வாக்குறுதி வாங்கலாம். ஊவாவின் வடக்கும் கிழக்கும் சேர்ந்து குரல் கொடுத்தால் அம்பலம் செவிசாய்க்கும்; தனித்தனியே முனகினால் அங்காடியின் இசை அதை விழுங்கிவிடும்.

ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றில் வாடிய கொழுந்துக்கே உலகச் சந்தையில் உயர்ந்த மணமும் உயர்ந்த விலையும். அக்காற்று ஓய்ந்ததும் ஐப்பசி மழை வரும். அந்த மழைக்கு அஞ்சியே நம் மக்கள் உறங்காதிருக்கிறார்கள். காற்றின் விலையைக் கொழும்பு வாங்கிக்கொள்கிறது. மழையின் விலையை லயம் கொடுக்கிறது.

அடுத்த ஐப்பசிக்குள் எத்தனை லயம் நகரும்? ஆட்சியாளர்களே, விழா எடுக்க வேண்டாம். கல் நாட்ட வேண்டாம். எண்ணை மட்டும் சொல்லுங்கள். நாம் எண்ணிக்கொண்டிருப்போம்.